வாய்க்காலில் நிற்கும் மின்முனை: மாநாட்டுத் தலைமை உரை



காரைக்குடியில் மின்வேதியியல் பற்றிப் பேசும் வாய்ப்பு எவருக்கும் பெருமை தருவது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்ட ஊர் இது. எனக்குப் பாடம் சொன்னவர்களும் என்னோடு வாதாடியவர்களும் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்கள் முன் தலைமை உரை ஆற்றுவதில் மகிழ்ச்சி நிறைய இருக்கிறது, படபடப்பும் இருக்கிறது. அமைப்பாளர்கள் கேட்டபோது உடனே தலையசைக்கவில்லை. நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு வழக்கை இந்த அவையின் முன் வைக்கலாம் என்று தோன்றிய பிறகே ஒப்புக்கொண்டேன்.

அழைப்பிதழில் கண்ட பொருள், நீரில் கலந்த மருந்துகளைக் கண்டறியும் மின்வேதி உணரிகளின் இன்றைய நிலை. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022இல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்று 104 நாடுகளில் 258 ஆறுகளிலிருந்து, 1,052 இடங்களில் நீர் எடுத்துச் சோதித்தது. நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் ஏதாவது ஒரு மருந்தாவது பாதுகாப்பான அளவைத் தாண்டியிருந்தது. டைக்ளோஃபினாக், பாராசிட்டமால், கார்பமசெபின், சல்ஃபாமெதாக்சசோல், சிப்ரோஃப்ளாக்சசின் என்று எந்த மருந்தை எடுத்தாலும் அதற்கு உணரி செய்த கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. கிராஃபீன், கார்பன் நானோகுழாய், உலோகக் கரிமச் சட்டகம், மூலக்கூறு அச்சுப் பாலிமர், ஆப்டமர் ஆகிய அனைத்துக்கும் இங்கே தனித்தனி அமர்வுகள் உண்டு. அவற்றில் கைதேர்ந்தவர்கள் பேசப்போகிறார்கள். வோல்டமெட்ரியின் அடிப்படைகளும் இந்த அவைக்குத் தெரிந்தவையே.

இனி என் வழக்குக்கு வருகிறேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நம் துறை கண்டறி எல்லையைக் கீழே கீழே இறக்குவதிலேயே தன் சக்தியைச் செலவழித்து வருகிறது. மைக்ரோமோலார் நானோமோலாராகி, பிகோமோலாராகி, இன்று ஃபெம்டோமோலார் வரை வந்துவிட்டோம். ஆனால் மருந்து ஆலையின் கழிவு வாய்க்காலில் ஒரு வாரம் நின்று உண்மை சொல்லும் உணரி நம் கையில் இல்லை. மருந்து மாசு மிக மோசமாக இருக்கும் இடம் அந்த வாய்க்கால்தான். அங்கே தேவைப்படுவது நுண்ணிய எல்லையன்று, மாசு படிந்தாலும் தன் முகத்தைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் மின்முனை. இதுவே என் கட்சி.

பட்டஞ்செருவைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். ஹைதராபாத்துக்கு அருகே, மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஆலைகள் நெருங்கி நிற்கும் பகுதி அது. சுமார் 90 ஆலைகளின் கழிவைப் பெற்றுச் சுத்திகரித்த பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரை, சுவீடனின் யோக்கிம் லார்சனும் அவருடைய கூட்டாளிகளும் ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சுத்திகரித்த பிறகும் அந்த நீரில் லிட்டருக்கு 28 முதல் 31 மில்லிகிராம் சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. 500 மில்லிகிராம் மாத்திரையை விழுங்கிய நோயாளியின் இரத்தத்தில் அந்த மருந்து உச்சத்தில் இருக்கும்போதே லிட்டருக்கு இரண்டு, மூன்று மில்லிகிராம்தான் தேறும். அதைப்போல் பத்து மடங்கு மருந்து வாய்க்காலில் ஓடியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,500 கனமீட்டர் நீர் வெளியேறியது என்றால், சிப்ரோஃப்ளாக்சசின் மட்டும் தினம் 45 கிலோ. அதே நீரில் லோசார்ட்டன், செட்டிரிசின், மெட்டோப்ரோலால், நார்ஃப்ளாக்சசின் எல்லாம் கலந்திருந்தன. 2009இல் அதே குழுவினர் சுற்றுவட்டார ஏரிகளையும் கிராமத்துக் கிணறுகளையும் பார்த்தார்கள். ஓர் ஏரியில் சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 6.5 மில்லிகிராம் வரை இருந்தது. கிணறுகளிலும் மருந்து ஊறியிருந்தது.

இந்த எண்ணை நம் மொழிக்கு மாற்றிப் பாருங்கள். சிப்ரோஃப்ளாக்சசினின் மூலக்கூறு எடை 331. லிட்டருக்கு 31 மில்லிகிராம் என்றால் ஏறத்தாழ 94 மைக்ரோமோலார். எந்த நானோபொருளும் பூசாத வெறும் கிளாசி கார்பன் மின்முனையே வேறுபாட்டுத் துடிப்பு முறையில் இந்த அளவைப் பளிச்சென்று காட்டிவிடும். போரான் கலந்த வைர மின்முனை இருந்தால் இன்னும் தெளிவாகக் காட்டும். அதாவது பட்டஞ்செருவில் அன்று ஓடிய நீரை அளக்கத் தேவையான உணர்திறன் அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே நம்மிடம் இருந்தது. ஆனாலும் அந்த நீரை அளந்து உலகுக்குச் சொன்னது நம் உணரி அல்ல. குப்பியில் அடைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோன நிறப்பிரிகைக் கருவியும் நிறைமாலைமானியும்தான். நமக்குக் கிட்டாமல் போனது எல்லையா, வேறொன்றா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆற்று நீருக்கு இந்த வாதம் பொருந்தாது என்று சிலர் சொல்வீர்கள். உண்மை. பாக்டீரியாவில் எதிர்ப்பாற்றல் வளராமல் இருக்க சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று 2016இல் கணித்தார்கள். அது ஏறத்தாழ 0.2 நானோமோலார். பெரிய ஆற்றில் அதைப் பிடிக்க, நீரைச் செறிவூட்டி நிறைமாலைமானியில் செலுத்துவதே இன்றைக்கு நம்பத்தக்க வழி. அந்தக் கருவி மாதத்துக்கு ஒருமுறை ஆற்றைப் பார்க்கட்டும். ஆலை இரவில் கழிவைத் திறந்துவிடும் நேரத்தில் அந்தக் கருவி அங்கே இருக்காது. அந்த நேரத்தில் வாய்க்காலில் நிற்க வேண்டியது நம் மின்முனை.

ஃபெம்டோமோலார் பந்தயம் பற்றி ஒரு கணக்கை இந்த அவையில் பதிவு செய்ய விரும்புகிறேன். நேரடியாக ஆக்சிகரணம் செய்யும் உணரிக்கு மட்டுமே இதைச் சொல்கிறேன். நொதியால் பெருக்கும் முறைகள் வேறு. பத்து மில்லிலிட்டர் கலத்தில் ஒரு ஃபெம்டோமோலார் கரைசல் இருந்தால், அதில் மொத்தமே சுமார் 60 லட்சம் மூலக்கூறுகள். ஒன்றுக்கு இரண்டு எலக்ட்ரான் வீதம் ஒன்றுவிடாமல் எல்லாம் வினைபுரிந்தாலும் கிடைக்கும் மின்னூட்டம் இரண்டு பிகோகூலும். மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள சாதாரண கிளாசி கார்பன் வட்டில் 50 மில்லிவோல்ட் துடிப்பு ஒன்று கொடுத்தால், இரட்டை அடுக்கை நிரப்ப மட்டுமே சுமார் 70 நானோகூலும் ஓடுகிறது. கலத்திலுள்ள அத்தனை மூலக்கூறும் தரக்கூடியதைவிட முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். அந்தப் பின்னணியிலிருந்து இந்தக் குறியீட்டைப் பிரித்தெடுத்ததாக எழுதும் கட்டுரை, எப்படிப் பிரித்தது என்பதையும் எழுத வேண்டும். பல கட்டுரைகள் எழுதுவதில்லை. தூய பஃபரில் வெற்று மாதிரியின் சிதறலை எடுத்து, மூன்றால் பெருக்கி, சாய்வால் வகுத்து, தாங்கள் அளந்தே பார்க்காத ஒரு செறிவை எல்லை என்று அச்சிடுகின்றன. அந்த எண் பஃபரைப் பற்றிய செய்தி. ஆற்றைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

இடையூறு ஆய்வும் இதே போன்றதுதான். ஆற்று நீருக்கான உணரி என்று தலைப்பிட்ட கட்டுரையில் இடையூறுப் பொருள்களாக அஸ்கார்பிக் அமிலம், யூரிக் அமிலம், குளுக்கோஸ், டோபமைன் ஆகியவற்றைச் சோதித்திருப்பார்கள். அது இரத்தத்துக்கு எழுதிய பட்டியல். ஆற்றிலும் வாய்க்காலிலும் மின்முனையை மூடுபவை ஹியூமிக் அமிலம், சோப்புக் கழிவு, எண்ணெய், இரும்பு, சல்ஃபைடு. உண்மை மாதிரி என்ற தலைப்பின் கீழே பெரும்பாலும் ஆய்வகக் குழாய் நீர் இருக்கும். அதைப் பஃபரில் பல மடங்கு நீர்க்கச் செய்து, தெரிந்த அளவு மருந்தைச் சேர்த்து, சேர்த்ததில் 98 முதல் 102 விழுக்காடு திரும்பக் கிடைத்தது என்று முடித்திருப்பார்கள். மதிப்பீட்டாளர்களாக உட்கார்ந்து இதையெல்லாம் ஏற்றுக்கொண்டவர்கள் நாம்தான்.

பூச்சுகளால் மின்வினையூக்கம் கூடியது என்ற கூற்றையும் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். நானோகுழாய்களில் தெரிந்த ஊக்கம் சில நேரங்களில் அவற்றில் ஒட்டியிருந்த உலோக மாசால் வந்தது என்று ஆக்ஸ்ஃபோர்டில் காம்ப்டனும் பாங்க்ஸும் 2006இலேயே காட்டினார்கள். நுண்துளைப் படலத்துக்குள் சிக்கிய மெல்லிய திரவ அடுக்கே உச்சத்தை இடம் மாற்றிவிடும், அதை வினையூக்கம் என்று படிக்கக் கூடாது என்று காம்ப்டன் குழுவினர் 2008இல் விளக்கினார்கள். 2020இல் மார்ட்டின் புமேராவும் கூட்டாளிகளும் கிராஃபீனில் பறவை எச்சத்தைக் கலந்து சூடாக்கி, அது வெறும் கிராஃபீனைவிட நன்றாக வினையூக்கியதை வெளியிட்டார்கள். அதைச் சிரித்துவிட்டு நகர்ந்தவர்கள் பலர். நான் அதைக் கடுமையான அறிவியல் வாதமாகவே படிக்கிறேன். எதைக் கலந்தாலும் மின்னோட்டம் கூடுமென்றால், கூடியது என்பது மட்டும் ஒரு கண்டுபிடிப்பாகாது.

சரி, வாய்க்காலில் மின்முனை ஏன் தோற்கிறது? டைக்ளோஃபினாக்கை எடுத்துக்கொள்வோம். கழுகுகளின் அழிவுக்குக் காரணமானதால் இந்த மருந்தின் பெயரை நாடே அறியும்; கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பது 2006இல் தடை செய்யப்பட்டது. மெருகேற்றிய கிளாசி கார்பனில் முதல் சுற்றில் உயரமான ஆக்சிகரண உச்சம் வரும். இரண்டாம் சுற்றில் அந்த உச்சம் தாழ்ந்து, குறைந்த அழுத்தத்தில் புதிதாக ஓர் இணை உச்சம் தலைகாட்டும். அது வினையில் விளைந்த பொருள் மின்முனை மேலேயே தங்கிவிட்டதன் அடையாளம். சுற்றுகள் ஏற ஏற முதல் உச்சம் தேய்ந்துகொண்டே போகும். இது தூய கரைசலிலேயே நடப்பது. வாய்க்கால் நீரில் போட்டு மறுநாள் எடுத்தால், கண்ணாடிபோல் மின்னிய கறுப்பு வட்டின் மேல் பழுப்பு வழவழப்பு ஒன்று படர்ந்திருக்கும். விரலால் தொட்டால் ஒட்டும். ஒப்பீட்டு மின்முனையின் நிலை இன்னும் பரிதாபம். கழிவுநீரின் சல்ஃபைடு வெள்ளிக் குளோரைடைத் தின்று வெள்ளிச் சல்ஃபைடாக்கிவிடும். நுனியில் உள்ள நுண்துளை அடைத்துக்கொள்ளும். அழுத்தம் நகரத் தொடங்கும். ஆய்வகத்தில் நாம் என்ன செய்கிறோம்? ஒவ்வோர் அளவீட்டுக்கும் முன் 0.05 மைக்ரான் அலுமினாவைத் துணியில் குழைத்து, எட்டு எண் வடிவில் மின்முனையைத் தேய்த்து, அல்ட்ராசோனிக் தொட்டியில் அலசி எடுக்கிறோம். கட்டுரையின் செய்முறைப் பகுதியில் அதற்கு ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிதான் முழு உணரியையும் தாங்கி நிற்கிறது. வாய்க்காலில் அலுமினாவும் துணியும் வைத்துக்கொண்டு யார் நிற்பது?

இந்த இடத்தில்தான் நம் துறை மறந்துவிட்ட ஒரு நூலை நினைவூட்ட ஆசைப்படுகிறேன். பிரெசினாவும் பெட்ர் ஜூமனும் எழுதி, 1958இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூல், மருத்துவம், உயிர்வேதியியல், மருந்தியல் ஆகியவற்றில் போலரோகிராபி பற்றியது. மருந்து மாசு உணரிகள் பற்றிய இன்றைய மதிப்புரைக் கட்டுரைகளில் இதை மேற்கோள் காட்டுவோர் மிக அரிது. இரத்தத்திலும் சிறுநீரிலும் மாத்திரைகளிலும் மருந்தை மின்வேதி முறையில் அளப்பது என்ற வேலையை அந்தத் தலைமுறை முறையாகச் செய்துவைத்தது. அவர்கள் கையில் நானோபொருள் கிடையாது, கணினி கிடையாது. ஹெய்ரோவ்ஸ்கி 1922 பிப்ரவரியில் பிராகில் போலரோகிராபியைக் கண்டறியப் பயன்படுத்திய பாதரசச் சொட்டு இருந்தது. பிறகு அவரும் ஜப்பானின் ஷிகாதாவும் அமைத்த, வளைவரையைத் தானே பதியும் கருவி இருந்தது. அழுக்கான மாதிரிகளில் அவர்களால் அளக்க முடிந்ததற்குப் பெரிய காரணம், சில வினாடிகளுக்கு ஒருமுறை பழைய சொட்டு விழுந்து புதுச்சொட்டு பிறந்ததே. புரதம் படிந்தாலும் அது சொட்டோடு போய்விடும். அடுத்த அளவீட்டுக்குத் தூய முகம் தயார்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஓர் அவையில் ஒரு மூத்த நண்பர் போலரோகிராபி அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியது என்று சொன்னார். அவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அவர் சொன்னதில் பாதி சரி. பாதரசம் நஞ்சு, மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்த பிறகு அதை வாய்க்காலில் சொட்டவிடுவதை யாரும் நினைக்க முடியாது, நினைக்கவும் கூடாது. மறுபாதியில்தான் நான் அவரோடு முரண்படுகிறேன். பாதரசம் போகட்டும், புதுப்பித்தல் என்ற கோட்பாடு ஏன் போக வேண்டும்? ரால்ஃப் ஆடம்ஸ் 1958இல் கார்பன் பசை மின்முனையை அறிமுகப்படுத்தினார். அவர் முதலில் செய்ய முயன்றது சொட்டும் கார்பன் மின்முனை. அது கைகூடவில்லை, பசை கிடைத்தது. பழைய பசையைக் கொஞ்சம் பிதுக்கித் தாளில் தேய்த்தால் புது முகம் வந்துவிடும். பாதரசத்திலிருந்து கார்பனுக்கு வந்தபோதும் அவர் தேடியது புதுப்பித்தலைத்தான். ஜோசப் வாங் 2000இல் பிஸ்மத் படலத்தைக் கொண்டுவந்த பிறகு, ஒவ்வோர் அளவீட்டுக்கும் படலத்தைப் படியவைத்துப் பிறகு கரைத்துவிடும் வழியும் திறந்தது. மெட்ரானிடசோல், குளோராம்பெனிக்கால் போன்ற நைட்ரோ மருந்துகளை ஒடுக்க வினையில் பிடிக்க இது நல்ல பாதை. வைர மின்முனையை உயர் அழுத்தத் துடிப்பால் இருந்த இடத்திலேயே கழுவலாம். இவை அத்தனையும் தெரிந்த விஷயங்கள். இவற்றை ஒன்று சேர்த்து, தானே துடைத்துக்கொள்ளும் அமைப்பாக வாய்க்காலில் நிறுத்திக் காட்டும் ஆய்வுக்கு மட்டும் ஆள் குறைவு. இப்படியொரு கட்டுரை, கண்டறி எல்லை வெறும் மைக்ரோமோலார்தானே என்ற ஒற்றைக் காரணத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எழுதியவர் ஓர் இளம் ஆய்வாளர். அவர் பிறகு கிராஃபீனுக்குப் போய்விட்டார்.

எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது, தேர்திறன். சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின், என்ரோஃப்ளாக்சசின் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அழுத்தத்தில் ஆக்சிகரணமாகும். ஆலைக் கழிவில் ஃபீனால், அனிலின் வகைப் பொருள்களும் அருகிலேயே வினைபுரியும். வெறும் மின்முனை இவற்றைப் பிரித்துச் சொல்லாது. ஒப்புக்கொள்கிறேன். போலரோகிராபி வரலாற்றிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு: பிர்டிச்கா 1930களில் கண்ட கோபால்ட்-புரத வினையைப் புற்றுநோய்ச் சோதனையாகப் பல மருத்துவமனைகளில் பயன்படுத்தினார்கள். அழற்சி நோய்களிலும் அதே குறி வந்ததால் அந்தச் சோதனை நிலைக்கவில்லை. அதிலிருந்து நான் கற்றுக்கொள்வது இதுதான்: சொல்ல முடியாததைச் சொல்வதாக உணரியைப் பறைசாற்றக் கூடாது. வாய்க்கால் உணரி எச்சரிக்கை மணியாக இருக்கட்டும். குயினலோன் வகைக் குறி வழக்கத்தைவிட உயர்ந்தால் தானியங்கிக் குப்பி ஒன்று மாதிரியைப் பிடித்துவைக்கட்டும். எது, எவ்வளவு என்பதை நிறைமாலைமானி தீர்மானிக்கட்டும்.

அந்த மணிக்கு இடமும் தயாராக இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் மருந்து ஆலைகள் உள்ளிட்ட 17 வகைத் தொழில்களுக்கு இணையவழித் தொடர் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. வாய்க்கால் முனையில் பெட்டி நிற்கிறது, மின்சாரம் இருக்கிறது, தரவு போகும் இணைப்பு இருக்கிறது. அதில் கார அமில நிலை, ஆக்சிஜன் தேவை, மிதக்கும் திடப்பொருள் எல்லாம் பதிவாகின்றன. மருந்து பதிவாவதில்லை. 2020 ஜனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகம் 121 ஆன்டிபயாட்டிக்குகளுக்குக் கழிவுநீர் வரம்புகளை வரைவாக வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் இறுதி அறிவிக்கை வந்தபோது அந்தப் பட்டியல் அதில் இல்லை. அதை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று கேட்பது நம் கடமை. வாய்க்காலிலேயே அளக்க முடியும் என்று காட்டினால் நம் கோரிக்கைக்கு வலு கூடும். அளக்கவே முடியாத வரம்பை எந்த அதிகாரியும் நடைமுறைப்படுத்த மாட்டார்.

ஆகவே அடுத்த மாநாட்டின் கட்டுரைத் தேர்வுக் குழுவுக்கும் இங்குள்ள மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீர்க்காத, பஃபர் சேர்க்காத கழிவுநீரில் ஏழு நாள் நின்ற மின்முனையின் முதல் நாள் மின்னோட்டத்தையும் ஏழாம் நாள் மின்னோட்டத்தையும் ஒரே அட்டவணையில் தாருங்கள். இடையே எத்தனை முறை, எப்படிப் புதுப்பித்தீர்கள் என்றும் எழுதுங்கள். மின்னோட்டம் பாதியாகக் குறைந்திருந்தாலும் மறைக்க வேண்டாம். அந்த அட்டவணையோடு வரும் கட்டுரைக்குக் கண்டறி எல்லை எவ்வளவு என்று கேட்காமல் குழு இடம் கொடுக்க வேண்டும். பட்டஞ்செரு போன்ற இடங்களில் கிணற்று நீரை நம்பி வாழ்பவர்களுக்கு நம் துறையிலிருந்து போய்ச் சேர வேண்டியது அந்த மின்முனைதான். மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.